பி7-இல் கிடந்த சிப்பாய்

ஒத்தக்கடையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மேலூர், திருவாதவூர், வெள்ளரிப்பட்டிப் பக்கமிருந்து வரும் பம்புசெட் மோட்டார்கள்தான் பிழைப்பு. வயது 44. பில் போடும் மேசை இழுப்பறையில் ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். அதில் இன்றைய தேதிக்கு 163 செஸ் படங்கள் வரைந்திருக்கின்றன. எல்லாம் நான் தோற்ற ஆட்டங்களில் இருந்து எடுத்தவை. முதல் பக்கத்தில் இருப்பது 2022 அக்டோபரில், மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில் தோற்றது. ஆடுகிறவரின் தரத்தை எண்ணால் அளக்கும் ரேட்டிங் போட்டிகளில் எனக்கு அதுதான் முதல்.

(போர்டின் கட்டங்களை இடமிருந்து வலம் ஏ முதல் ஹெச் வரை எழுத்தாலும், வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணாலும் சொல்வோம்.) நான் வெள்ளை. ராஜா ஜி1-இல். அதன் முன்னால் எஃப்2, ஜி2, ஹெச்2 சிப்பாய்கள் ஆட்டம் தொடங்கியதிலிருந்து நகரவே இல்லை. டி1-இல் யானை, பி3-இல் ராணி. எதிரிக்கு ராஜா ஜி8-இல், அவருக்கும் முன்னால் மூன்று சிப்பாய்கள் அப்படியே. டி8-இல் யானை, அதற்குத் துணையாக இ7-இல் ராணி. பி7-இல் ஒரு சிப்பாய் கிடந்தது. அதற்குக் காவல் இல்லை. சி7-இல் நின்ற அவர்களுடைய சிப்பாயே அவர்கள் ராணியின் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. ராணியால் அந்தச் சிப்பாயை எடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். டி8 யானையைத் தூக்கி டி1-இல் என் யானையை வெட்டி வைத்தான். என் ராஜாவுக்கு ஓட இடமில்லை, முன்னால் என் சிப்பாய்களே அடைத்து நின்றன. மேட்.

என் ராணி பி3-இல் சும்மா நிற்கவில்லை. அங்கிருந்து சி2 வழியாகக் குறுக்கே டி1 யானையைக் காத்துக்கொண்டிருந்தது. அந்த வேலையில் இருந்து அதை நானே தூக்கிவிட்டேன். அன்று வீடு திரும்பும்போது யா. ஒத்தக்கடை வளைவில் யானைமலையைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற மலைதான். அன்று அந்த யானைமேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

பள்ளியில் படிக்கும்போது செஸ் ஆடியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்து அப்பாவின் பட்டறைக்கு வந்த பிறகு இருபது வருடம் போர்டைத் தொடவில்லை. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த அந்த இரண்டு வாரம்தான் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஜூலை 28-இல் தொடங்கி ஆகஸ்ட் 10 வரை. பட்டறையில் பாட்டுக்குப் பதில் போனில் நேரடி ஒளிபரப்பு ஓடியது. குகேஷ் முதல் 8 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்த ஆட்டங்கள் அவை. சரி, நாமும் ஆடுவோம் என்று தோன்றியது.

திரும்ப ஆடத் தொடங்கிய எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். ஓபனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களைப் படித்தேன். சிசிலியன் நஜ்டார்ஃப் வரிசையை 15 நகர்த்தல் வரை மனப்பாடமாக வைத்திருந்தேன். காயில் சுற்றிக்கொண்டே வாயில் சொல்லிப் பார்ப்பேன். ஆனால் என் தரத்தில் எதிரே உட்காருகிறவர்கள் நான்காவது நகர்த்தலிலேயே வேறு பக்கம் போய்விடுவார்கள். அதற்கப்புறம் நான் படித்ததில் எதுவும் மேசையில் இல்லை.

ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் பம்புசெட் ஓடாது, மோட்டாரும் எரியாது. பட்டறையில் வேலை குறைவு. அந்த மாதிரி ஒரு வாரத்தில் அதுவரை தோற்ற 40 ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் ஆட்டம் எங்கே கை நழுவியது என்று மட்டும் பார்த்தேன். 29 ஆட்டங்கள் ஒரு நகர்த்தல் அல்லது இரண்டு நகர்த்தல் தூரத்தில் இருந்த எதையோ பார்க்காமல் போனதால் தோற்றவை. குதிரை ஃபோர்க் (ஒரே குதிரை இரண்டு காயைத் தாக்குவது), காவலில்லாத மந்திரி, பின்வரிசை மேட். (பிஷப்பை எங்கள் பக்கம் மந்திரி என்போம்.) 6 ஆட்டங்கள் கடைசிக் கட்டத்தில் போனவை. 3 ஆட்டங்களில் கடிகாரம் தீர்ந்துபோனது. ஓபனிங் தெரியாமல் தோற்றவை 2. அந்த இரண்டுக்காக மாதக்கணக்கில் படித்திருந்தேன்.

டாக்டிக்ஸ்தான், அதாவது இப்படி ஒன்றிரண்டு நகர்த்தலில் விழும் அடிகளைத்தான், படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எப்படிப் படிப்பது என்பதில்தான் இன்னும் மூன்று மாதம் வீணானது. லீசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் பஸில்கள் (ஒரு நிலையைக் கொடுத்துச் சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்பவை) இலவசம், லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதில் பஸில் ஸ்டார்ம் என்று ஒன்று உண்டு. 3 நிமிடத்தில் எத்தனை பஸில் போட முடிகிறது என்று பார்ப்பது. டீ குடிக்கிற நேரம், பஸ்ஸுக்கு நிற்கிற நேரம், எல்லா நேரமும் அதைத்தான் ஆடினேன். விரல் முந்தும், கண் பிந்தும். சரியாக வந்தால் ஏன் சரி என்று தெரியாது, தவறினால் ஏன் தவறு என்று பார்க்க நேரமில்லை. ஸ்கோர் ஏறியது. போட்டிக்குப் போனால் அதே மாதிரி மந்திரியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவற்றை வேகமாக எடுத்துப் பார்க்க அந்த ஆட்டம் நல்லது. தெரியாததைக் கற்றுக்கொள்ள உதவாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் முறையை மாற்றினேன். சுலபமான பஸில்களாக 300 எடுத்தேன். ஃபோர்க், பின் (pin, காயை நகர முடியாமல் கட்டிப்போடுவது), பின்வரிசை மேட், காவலை விலக்குவது என்று வகைவகையாகத் தேர்ந்து, ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளுக்கு 6 வீதம் 50 தாளில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். காலையில் பட்டறை திறக்கும் முன் 25 நிமிடம். போன் பையில் இருக்கும். விடையை மனதில் போட்டால் போதாது, எழுத வேண்டும். என் நகர்த்தல் மட்டுமல்ல, அதற்கு எதிரியின் நல்ல பதில் என்ன, அதற்கு நான் என்ன செய்வேன் என்பதுவரை எழுதிய பிறகுதான் விடையைப் பார்க்கலாம். முதல் சுற்று முடிய ஐந்து வாரம் ஆனது. முடிந்ததும் புதுத் தொகுப்புக்குப் போகவில்லை. அதே 300-ஐத் திரும்ப முதலில் இருந்து போட்டேன். இரண்டாம் சுற்று 18 நாள். மூன்றாவது 9 நாள். நான்காவது 4 நாள். ஐந்தாவது சுற்றை ஒரு சனி ஞாயிறில் முடித்தேன்.

ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால் விடை மனப்பாடம் ஆகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகும். ஆகட்டும் என்றுதான் போடுவது. வாய்ப்பாடு மனப்பாடம் ஆனவனுக்குத்தான் பெரிய கணக்கில் கவனம் வைக்க முடிகிறது. எட்டேழை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் மீதிக் கணக்கு தப்பும்.

இதை என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். எரிந்த மும்முனை மோட்டாரைத் திறந்ததும் எனக்கு ஒரு பார்வை போதும். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் ஒரு ஃபேஸ் போய்விட்ட நிலையில் ஓடியிருந்தால் இரண்டு ஃபேஸ் காயில் கருகியிருக்கும், ஒன்று மட்டும் புதிது மாதிரிப் பளபளவென்று இருக்கும். டெல்டா இணைப்பு என்றால் தலைகீழ், ஒன்று மட்டும் கருகியிருக்கும். எல்லாமே ஒரே சீராகக் கறுத்திருந்தால் மோட்டார்மேல் ஏற்றிய பாரம் அதிகம். நான் யோசிப்பதில்லை, தெரிந்துவிடுகிறது. பட்டறையில் வேலை பழகும் பையன் அதே மோட்டாரைப் பார்த்தால் அவனுக்குக் கருகிய கம்பி மட்டும்தான் தெரியும். என் கண் அவன் கண்ணைவிடக் கூர்மை என்று சொல்ல முடியாது, நான் கண்ணாடி போட்டவன். ஆயிரம் மோட்டார் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

செஸ்ஸிலும் இதேதான் என்று ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் அட்ரியான் டி குரூட் 1940-களில் தொடங்கிய வேலையை அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் தொடர்ந்தார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை 5 விநாடி காட்டிவிட்டு மறைத்தால், மாஸ்டர் ஏறக்குறைய முழுப் போர்டையும் திரும்ப அடுக்கிவிடுவார். புதிதாகக் கற்றவர் நாலைந்து காய்களோடு நின்றுவிடுவார். ஆனால் அதே காய்களை ஒழுங்கில்லாமல் இறைத்துவைத்துக் காட்டினால் மாஸ்டரும் ஏறக்குறைய அந்தப் புதியவர் அளவுக்குத்தான். மாஸ்டரின் நினைவாற்றல் பிறவி வரம் இல்லை. அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார். பழகிய கூட்டம் இல்லாவிட்டால் அவரும் நம்மைப் போலத்தான். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. பிறவியில் இல்லாததைப் பழக்கத்தில் பிடிக்கலாம் என்றால், பட்டறைக்காரன் எனக்கு அது வழி திறந்த மாதிரி.

அந்தக் கூட்டங்கள் எண்ணிக்கையில் அதிகமும் இல்லை, புதியவையும் இல்லை. ராஜாவைச் சொந்தக் காய்களே அடைத்து நிற்க, ராணியைக் கொடுத்து யானையை அதன் பக்கத்தில் வரவழைத்து, குதிரையால் மேட் வைக்கும் முறை 1497-இல் ஸ்பெயினில் லூசேனா அச்சிட்ட நூலிலேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் காபிக் கடைகளில் ஆடிய லெகால் பெயரில் ஒரு மேட் உண்டு. தன் குதிரை எதிரியின் மந்திரியால் ராணியோடு கட்டப்பட்டிருக்கிறது, நகர்ந்தால் ராணி போகும். லெகால் நகர்த்துவார். ராணி போகும். அப்புறம் மந்திரி எஃப்7-இல் செக், ராஜா இ7-க்கு வரும், இன்னொரு குதிரை டி5-இல் வந்து மேட். ஏழே நகர்த்தல். லீசெஸில் ஒரு முறை எனக்கு இது அப்படியே அமைந்தது. இரவு பதினொன்றரை மணி. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். யாரையாவது எழுப்பிக் காட்டலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

1966 உலகப் பட்டத்துக்கான மோதலின் 10-ஆவது ஆட்டத்தில் சாம்பியன் பெட்ரோசியான் ராணியை ஹெச்8-இல் கொண்டுபோய் ராஜாவின் வாயிலேயே வைத்தார். ராஜா வெட்டினால் குதிரை எஃப்7 யானையை வெட்டிக்கொண்டு செக் கொடுக்கும், அதே குதிரை ஜி5 ராணியையும் தொட்டிருக்கும். எதிரே ஆடிய ஸ்பாஸ்கி அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதன் அடியில் இருப்பது நம்ம ஊர்ப் பிள்ளைகள் முதல் வாரம் கற்கிற குதிரை ஃபோர்க். உலகச் சாம்பியன் அதை நான்கு அடி தள்ளி இருக்கும்போதே பார்க்கிறார், நான் ஒரு அடி தள்ளிப் பார்க்கிறேன். பார்க்கிற பொருள் ஒன்றுதான்.

இவ்வளவும் செய்து 2023 நடுவில் மறுபடி போட்டிக்குப் போனேன். ஆட்டம் தெளிந்திருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எதிரியின் ராஜா பக்கம் ஏதாவது இருந்தால் பிடித்துவிடுவேன். எனக்கு எதிராக ஒன்று வரும்போது மட்டும் கண் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. காரணத்தை எனக்குக் காட்டியவர் டிரைவர் அண்ணன்.

அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் டீக்கடைக்கு வந்துவிட்டு அப்படியே பட்டறைக்குள் வருவார். வார்னிஷ் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் இருவரும் ஒரு பிளாஸ்டிக் போர்டில் ஆடுவோம். அவர் ரேட்டிங் போட்டிக்குப் போனதில்லை, ஒரு பஸில் போட்டதில்லை. ஆனால் அவரை ஜெயிப்பது சிரமம். சின்ன வயதில் ஊர்ப் பாறையில் கீறிய கோட்டில் ஆடுபுலி ஆடி வளர்ந்தவர். 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். பின்னால் ஆள் இருந்தால் தாண்ட முடியாது. அவர் செஸ்ஸையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறார். காவலில்லாமல் நிற்கிற காயைக் கண்டால், "தம்பி, அந்த ஆடு தனியா மேயுது" என்பார். அது என் காயாக இருந்தாலும் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் நான் நகர்த்திக் காப்பாற்றினால் அவருக்குக் கோபமும் வராது.

டாக்டிக்ஸ் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் பயன்பட்டிருக்கிறது. ஃபோர்க் என்பது என்ன? இரண்டு காயை ஒரே நேரத்தில் தொடுவது. இரண்டுக்கும் காவல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. குறுக்கே, நேரே, மறைந்து என்று எந்த அடி விழுந்தாலும் அங்கே தனியாக மேயும் ஒரு ஆடு இருக்கும், அல்லது ஓட இடமில்லாத ராஜா இருக்கும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும் காவல்காரன் இருப்பான். இப்போது ஆட்டத்தில் நான் தேடுவது அடியை இல்லை. இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்றுதான் தேடுகிறேன். இருந்தால் அடி தானாகக் கண்ணில் படும்.

ஒரு நாள் நோட்டின் முதல் பக்கத்தை அவருக்குக் காட்டினேன். பி7 சிப்பாய்க் கதை. விடை என்று கீழே எழுதி வைத்திருந்தேன்: முதலில் யானையை டி8-இல் வெட்டி யானைகளை மாற்றிக்கொள், ராணி திரும்ப வெட்டட்டும், பிறகு பி7 சிப்பாயை எடு. எட்டு மாதமாக அந்த விடை அங்கே இருந்தது. அண்ணன் போர்டில் காய்களை அடுக்கச் சொன்னார். யானைகளை மாற்றினார். அவருடைய ராணி டி8-இல் வந்து நின்றது. என்னைப் பார்த்து, "சரி, இப்ப சிப்பாய எடு" என்றார். எடுத்தேன். "அங்கிட்டு என்ன இருக்கு, பாரு."

டி8 ராணி நேரே டி1-க்கு வருகிறது. அதே பின்வரிசை. அதே மேட்.

நான் எழுதி வைத்த விடையே என்னை இரண்டாம் முறை அதே குழியில் தள்ளியிருக்கும். எட்டு மாதத்தில் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை புரட்டியிருப்பேன். என் நகர்த்தலில் தொடங்கி என் நகர்த்தலிலேயே முடித்திருக்கிறேன், நடுவில் அவன் ஒருவன் இருக்கிறான் என்று பார்க்கவே இல்லை. அந்த நிலையில் வெள்ளை செய்ய வேண்டியது ஹெச்3. ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடுவது. அதற்குள் அவன் பி6 என்று சிப்பாயைத் தள்ளிக் காப்பாற்றிவிடுவான். ஆட்டம் சமன். அந்தச் சிப்பாய் எனக்குக் கிடைக்க வேண்டிய சிப்பாயே இல்லை.

பஸிலில் உள்ள குறை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பஸில் என்று எடுத்தாலே இங்கே ஏதோ இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். அதுவும் நமக்குச் சாதகமாக இருக்கிறது என்று. ஆட்டத்தில் யாரும் தோளைத் தட்டிச் சொல்வதில்லை. முப்பது நகர்த்தலில் இருபத்தெட்டில் ஒன்றும் இருக்காது. மீதி இரண்டில் ஒன்று நமக்கு, ஒன்று அவனுக்கு. எது எப்போது என்று தெரியாது. 300 பஸிலில் ஒன்றுகூட, "இங்கே எடுக்கக் கூடாத சிப்பாய் ஒன்று இருக்கிறது, எடுக்காமல் இரு" என்று சொல்லவில்லை.

ஆகவே சொந்த நோட்டைப் பயிற்சிப் புத்தகமாக மாற்றினேன். தோற்ற ஆட்டத்தில் தவறு செய்த நகர்த்தலுக்கு முந்தைய நிலையைப் படம் வரைவேன். பக்கத்தில் விடை எழுதுவதில்லை, பின்பக்கத்தில்தான். இடையிடையே ஒன்றுமே நடக்காத சாதாரண நிலைகளையும் கலந்து வரைந்து வைத்தேன். அதனால் பக்கத்தைத் திருப்பும்போது இதில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்பதே முதல் கேள்வி. எதிரியின் கடைசி நகர்த்தலையும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பேன். அது எதற்காக என்று ஒரு வரி எழுதாமல் என் நகர்த்தலை எழுதக் கூடாது. 163 படங்களில் 100-க்கு மேல், அடித்தது நான் இல்லை, அடி வாங்கியது நான். அவற்றைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்க்கத்தான் மனம் வருவதில்லை.

ஆட்டத்தில் இதைப் பழக்கமாக்கக் கையைத்தான் முதலில் பழக்கினேன். எதிரி நகர்த்தியதும் தாளில் அவன் நகர்த்தலை எழுதுவேன். எழுதி முடிக்கும்வரை என் காய்களைப் பார்க்க மாட்டேன். பேனாவைக் கீழே வைக்கும்போது அங்கிட்டு என்ன என்று ஒரு முறை. என் நகர்த்தலை முடிவு செய்த பிறகு, கை தூக்கும் முன், அங்கிட்டு என்ன என்று இன்னொரு முறை. சேர்த்தாலும் 20 விநாடி இருக்காது. 90 நிமிட ஆட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது.

மேலே உள்ளவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டம். பட்டறையில் அன்று மூன்று மோட்டார் காத்திருந்தது. நாங்கள் நான்கு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றினார். அடுத்து மந்திரியை டி5-இல் வைத்தார். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. அந்த ஒரே குறுக்குக் கோட்டில்தான் அதற்கு நடமாட்டம், அந்தக் கோடு முழுவதும் குகேஷின் மந்திரி பார்வையில். மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மாற்றினால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும், அதில் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58-ஆவது நகர்த்தலில் டிங் விட்டுக்கொடுத்தார். குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன். டிரைவர் அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "மூலைல நின்ன ஆடு" என்று மட்டும் சொன்னார்.

ரேட்டிங் பற்றிக் கேட்பவர்களுக்காக. 2023-இல் எனக்கு முதலில் கிடைத்த ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1150. இப்போது 1634. ஆனால் இதில் 340 புள்ளி என் உழைப்பில் வந்ததில்லை. 2024 மார்ச்சில் ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்த எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒரு முறை உயர்த்தியது. 2000-க்கும் நம் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் 40 சதவீதம் கூட்டினார்கள். ரேட்டிங்கின் கீழ் எல்லையும் 1000-இல் இருந்து 1400 ஆனது. ஆகவே நான் 1490 ஆனேன். அதற்கப்புறம் ஏறியது 144. இரண்டு வருடத்தில் 500 புள்ளி ஏறினேன் என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்க்கும்போது இந்த மார்ச் மாதக் கணக்கைக் கழித்துவிட்டீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. 144 எனக்கு நிறைவாக இருக்கிறது. ஒவ்வொன்றும் போர்டில் சம்பாதித்தது.

டாக்டிக்ஸ் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசிக் கட்ட ஆட்டத்தில் நான் இன்னும் பலவீனம், யானையும் சிப்பாயும் மிஞ்சும் நிலைகளில் போன மாதம்கூட ஒரு டிராவைத் தோல்வியாக்கினேன். 1900, 2000 ரேட்டிங்காரர்களிடம் தனியாக மேயும் ஆடு அகப்படாது. அவர்கள் மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்து நம்மை ஒடுக்குவார்கள், நம் ஆடுகள்தான் ஒவ்வொன்றாகத் தனியாகும். அதற்கு வேறு படிப்பு வேண்டும், அதைத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் 1600-க்குக் கீழே ஆடிக்கொண்டு, வேலை முடிந்து ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஒருவர் அந்த அரை மணியை எதில் போடுவது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். ஓபனிங் புத்தகத்தை மூடி வையுங்கள். நீங்கள் தோற்ற ஆட்டங்களை எடுங்கள். சுலபமான பஸில் 300 எடுங்கள், கடினமானவை வேண்டாம். கடினமான பஸிலில் பத்து நிமிடம் மல்லுக்கட்டுவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாம் தோற்பது அதில் இல்லை.

பட்டறைப் பையனுக்கு வயது 19. ஆறு மாதமாக எங்கள் ஆட்டத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம், "அண்ணே, அந்த நோட்ட நான் பாக்கலாமா" என்று கேட்டான். முதல் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். வெள்ளை நகர்த்த வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பின்பக்கம் பார்க்கக் கூடாது என்றேன். ஒரு ஏழரை ஹெச்பி ஸ்டேட்டருக்கு வார்னிஷ் ஊற்ற வேண்டியிருந்தது, போய்விட்டேன். ஊற்றி, வடியவிட்டு, கை கழுவி வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நோட்டு மேசையில் மூடியிருந்தது. அவன் டீ வாங்கப் போயிருந்தான். உள்ளே ஒரு பில் தாளைச் செருகி வைத்திருந்தான். "ராணி பி7" என்று எழுதி அடித்திருந்தான். அதன் கீழே "யானை டி8, ராணி வெட்டும், அப்புறம் ராணி பி7" என்று எழுதி, அதையும் அடித்திருந்தான். அதற்கும் கீழே, பேனாவை அழுத்தி, ஹெச்3.